நெல்லுக்குள் எத்தனை வேலை? பாடங்களுக்குள்ளேயே தொழில்நெறிக் கல்வி

(தஞ்சாவூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் கலந்துகொண்ட பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பக்கம் குறுவை அறுப்பு, இன்னொரு பக்கம் சம்பா நாற்றங்கால் வேலை. இந்த நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து வந்திருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் முதல் நன்றி. தலைமையாசிரியர்கள், ஆசிரியர்கள், முன்னாள் மாணவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'பள்ளிப் பாடத்திட்டம் முழுவதும் தொழில்நெறிக் கல்வி'. பெயரைக் கேட்டால் புதுசா ஏதோ ஒரு பாரம் தலையில் ஏறப்போகுதுன்னு தோணும். ஆனால் நாம் எல்லோரும் இந்தக் கல்வியை ஏற்கெனவே நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம். வகுப்பிலும் வீட்டிலும் தினமும் நடத்துகிறோம். "படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போவணும்" என்று சொல்கிறோமே, அதுதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் தொழில்நெறிப் பாடம்.

அந்த ஒரு வாக்கியம் பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது? உன் அப்பா செய்கிற வேலை ஒரு தண்டனை என்று கற்றுக்கொடுக்கிறது. உலகத்தில் இரண்டே நிலைதான், ஒன்று ஆபீஸ், இன்னொன்று மாடு என்று கற்றுக்கொடுக்கிறது. இதே மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாட்டைச் சுற்றியே கால்நடை மருத்துவர், கால்நடை ஆய்வாளர், பால் பரிசோதகர், தீவன ஆலைப் பணியாளர், ஆவின் குளிர்விப்பு நிலையத்தில் இயந்திரம் பார்ப்பவர் என்று இத்தனை பேர் பிழைக்கிறார்கள். மாடு மேய்த்து நாலு பிள்ளைகளைக் கரையேற்றியவர்களும் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். அவர்கள் செய்தது இழிவான வேலை இல்லை. அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, அதன் இடத்தில் என்ன சொல்லப்போகிறோம் என்பதுதான் இன்றைக்கு நாம் பேச வேண்டியது.

ஒரு பழைய சந்தேகம், நியாயமான சந்தேகம்

'தொழில்' என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தாலே தமிழ்நாட்டில் ஒரு சந்தேகம் எழும். அதை மறைக்க வேண்டியதில்லை. 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. 'குலக்கல்வித் திட்டம்' என்று சொல்லி மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது.

எழுபது வருடக் கதையை இப்போது எதற்குச் சொல்கிறேன்? நாளைக்கு நீங்கள் ஏழாம் வகுப்பில் நெல்லைப் பற்றியும் நடவைப் பற்றியும் பேச ஆரம்பித்தால் ஒரு தாய் வந்து கேட்பார்: "ஏன் சார், நாங்கதான் சேத்துல நிக்கிறோம், எங்க புள்ளையையும் மறுபடி அங்கேயே தள்ளுறீங்களா?" அந்தக் கேள்விக்கு நம்மிடம் நேர்மையான பதில் வேண்டும்.

பதில் இதுதான். தொழில்நெறிக் கல்வி சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு சோதனை உண்டு. இந்த வகுப்புக்குப் பிறகு பிள்ளைக்குத் தெரிந்த கதவுகள் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? பிறந்த வீட்டைப் பார்த்து, சாதியைப் பார்த்து, ஆண் பெண் பார்த்து "உனக்கு இதுதான்" என்று காட்டினால் அது பழைய திட்டம். பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கி, தெரியாத பத்து இடங்களைக் காட்டினால் அதுதான் நாம் பேசுகிற கல்வி. நெல்லைச் சொல்வது நெல்லோடு கட்டிப்போட இல்லை. அது பிள்ளை தினமும் கண்ணால் பார்க்கிற பொருள், அங்கிருந்து புறப்பட்டால் வழி சுலபமாகப் புரியும்.

வாரம் ஒரு பாடவேளை போதுமா?

2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வழிகாட்டல் வகுப்புகள் வந்தன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குக் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் வந்தன. பள்ளிப் படிப்புக்குப் பிறகு எங்கும் சேராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பதற்கு 'உயர்வுக்குப் படி' வந்தது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் பொறுப்பு ஆசிரியர் ஒருவர், பாடவேளை ஒன்று என்று அது ஒரு மூலையில் நின்றுவிட்டால் பலன் பாதிதான்.

காரணம் எளிது. எந்தப் பிரிவை எடுப்பது என்ற முடிவு பத்தாம் வகுப்பு முடிந்ததும் வருகிறது. ஆனால் "இதெல்லாம் நமக்கு ஆகாது" என்ற எண்ணம் அதற்கு ரொம்ப முன்னாலேயே, ஆறாவது ஏழாவதிலேயே விழுந்துவிடுகிறது. கணக்கு எதற்கு என்று தெரியாமல் ஏழாம் வகுப்பில் கணக்கை வெறுத்த பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்த வழிகாட்டி வந்து என்ன சொன்னாலும் பாதி வழிகள் அடைபட்டுத்தான் இருக்கும்.

வெளிநாட்டிலும் இதைத்தான் கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2014-இல் காட்ஸ்பி அறக்கட்டளையின் அறிக்கை, நல்ல தொழில்நெறி வழிகாட்டலுக்கு எட்டு அளவுகோல்களை வகுத்தது. அதில் ஒன்று, எல்லாப் பாட ஆசிரியர்களும் தங்கள் பாடத்தைத் தொழில்களோடு இணைத்துச் சொல்ல வேண்டும் என்பது. ஜப்பானில் ஹியோகோ மாகாணத்தில் 1998 முதல் நம் எட்டாம் வகுப்புக்கு ஒப்பான வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் ஊரிலுள்ள கடை, பண்ணை, தீயணைப்பு நிலையம், முதியோர் இல்லம் என்று போய் வேலையைப் பார்த்துச் செய்து வருகிறார்கள். இரண்டிலும் கருத்து ஒன்றுதான். வேலை உலகம் பாடத்துக்கு வெளியே தனியாக இல்லை.

சரி, நம்ம பாடப் புத்தகத்துக்குள், நம்ம தஞ்சாவூர் மண்ணில் இதை எப்படிச் செய்வது? பாடம் பாடமாகப் பார்ப்போம்.

கணக்கு

டெல்டாவில் தாத்தாக்கள் இன்னும் மா, வேலி என்றுதான் நிலத்தைச் சொல்கிறார்கள். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. மூன்று மா ஒரு ஏக்கர். அப்படியானால் ஒரு வேலி எத்தனை ஏக்கர்? ஆறே முக்கால் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள், ஆறும் மூன்றில் இரண்டும் என்று சரியாகச் சொல்பவர்களும் இருப்பார்கள். பின்னமும் விகிதமும் வீட்டுக்குள் வந்துவிட்டது.

இப்போது அடுத்த கேள்வி: இந்தக் கணக்கை வைத்தே சம்பளம் வாங்குகிறவர்கள் யார்? நில அளவர், கிராம நிர்வாக அலுவலர், பத்திரம் எழுதுபவர், வங்கியில் பயிர்க்கடன் பார்ப்பவர், கணினியில் வரைபடம் தயாரிப்பவர். நில அளவைக்கு ஐ.டி.ஐ.யில் சர்வேயர் பிரிவு உண்டு, பாலிடெக்னிக்கில் சிவில் உண்டு. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

இன்னொரு கணக்கு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. மழைக்காலத்தில் தளர்வு கொடுத்த ஆண்டுகளும் உண்டு. 20 சதவீத ஈரத்தோடு 40 கிலோ மூட்டை ஒன்று வருகிறது. அதில் 8 கிலோ தண்ணீர், 32 கிலோ உலர்ந்த பொருள். அதைக் காயவைத்து 17 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் மூட்டை எவ்வளவு எடை இருக்கும்? 37 என்று அவசரமாகச் சொல்வார்கள். இல்லை. 32 கிலோ என்பது இப்போது 83 சதவீதம். ஆகவே எடை சுமார் 38.55 கிலோ. மூட்டைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ குறைகிறது, நூறு மூட்டைக்கு 145 கிலோ.

இந்த ஒரு கணக்கைப் பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால் அப்பா உட்கார்ந்து கேட்பார். சதவீதம் என்ற பாடம் அந்த வீட்டில் அன்றைக்குத்தான் மதிப்புப் பெறும். அதோடு பட்டியல் எழுத்தர், தர ஆய்வாளர், ஈரப்பதமானியைப் பழுது பார்ப்பவர், கிடங்கு மேலாளர் என்று நான்கு வேலையும் பிள்ளைக்கு அறிமுகமாகிவிடும்.

அறிவியல்

தாவரவியலில் மகரந்தச் சேர்க்கை நடத்துகிறோம். அதே பாடத்தில் ஆடுதுறையைச் சொல்லலாம். 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. வயலில் "ஏ.டி.டி. 43", "ஏ.டி.டி. 45" என்று பேசிக்கொள்கிறோமே, அந்த ஏ.டி.டி. என்பது ஆடுதுறையின் பெயர்தான். ஒரு நெல் ரகத்தை உருவாக்குவது ஒருவருடைய வேலை. விதைக்குச் சான்று கொடுப்பது இன்னொருவர் வேலை. அதை விவசாயிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேளாண்மை உதவி அலுவலர் வேலை, அதற்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு வேளாண் பட்டயப் படிப்பு ஒரு வழி. பட்டப் படிப்பு வேண்டுமென்றால் ஈச்சங்கோட்டையிலேயே வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது.

வேதியியலில் ஸ்டார்ச் வருகிறது. நெல்லை ஏன் அவிக்கிறோம்? அவித்தால் அரிசிக்குள் இருக்கும் ஸ்டார்ச் இறுகி, அரைக்கும்போது நொய் குறைகிறது, தவிட்டுப் பக்கத்திலுள்ள வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. நம் பாட்டிகள் செய்த வேலைக்குள் இத்தனை அறிவியல். இதையே ஆராய 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சின்ன ஆய்வகமாகத் தொடங்கியதுதான், இன்று தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் 'நிப்டெம்' என்ற தேசிய நிறுவனமாக நிற்கிறது.

அந்த நிறுவனத்தின் வாசலைப் பஸ்ஸில் தினமும் கடந்து போகும் பிள்ளைகள் உண்டு. உள்ளே உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிக்கலாம் என்பதும், அதற்கு ஜே.இ.இ. மெயின் தேர்வு எழுத வேண்டும் என்பதும், அந்தத் தேர்வுக்குப் பதினொன்றாம் வகுப்பில் கணக்கு எடுத்திருக்க வேண்டும் என்பதும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டில் யாருக்கும் தெரியாது. நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

சமூக அறிவியல்

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஜூன் 12 தண்ணீர் திறக்கும் நாள் என்பது இங்கே தீபாவளி மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம். 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. இதைத் தேதியாக மட்டும் சொன்னால் தேர்வோடு மறந்துபோகும். "மேட்டூரில் திறந்த தண்ணீர் நம்ம ஊர் வாய்க்காலுக்கு வருவதற்குள் எத்தனை பேர் கை படுது?" என்று கேளுங்கள். அணையின் பொறியாளர், ஷட்டர் இயக்குபவர், கல்லணையில் பங்கீடு பார்ப்பவர், வானிலை கணிப்பவர், ஆற்றில் ஓடும் அளவைக் கணக்கெடுப்பவர், நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞர், அவருக்குப் புள்ளிவிவரம் தயாரித்துக் கொடுத்தவர். கடைமடைப் பிள்ளைக்கு இந்தப் பட்டியல் சட்டென்று புரியும், ஏனென்றால் தண்ணீர் வராவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

பயிர்க் காப்பீடும் அப்படித்தான். இழப்பீடு எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? தேர்ந்தெடுத்த வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி மகசூல் எடுக்கிறார்கள். 'சராசரி' என்ற ஒரு பாடம் ஒரு குடும்பத்தின் ஒரு வருடப் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. அதைச் செய்ய ஒரு புள்ளியியல் துறை இருக்கிறது, அதில் வேலை இருக்கிறது.

மொழியும் கலையும்

தமிழாசிரியர்கள் "எங்க பாடத்துல என்ன தொழில் இருக்கு?" என்று கேட்கலாம். பெரிய கோயிலுக்குப் போனால் பதில் சுவரிலேயே இருக்கிறது. இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் கணக்கர், தச்சர், தையற்காரர், ஆடல் மகளிர், இசைக்கலைஞர் என்று கோயிலில் யார் யார் வேலை பார்த்தார்கள், அவர்களுக்கு எவ்வளவு நெல் கூலி என்று பொறித்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஊதியப் பட்டியல் அது. அதைப் படிக்கத் தெரிந்தவர் கல்வெட்டியலாளர். 1981-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைப் பாதுகாக்க, பட்டியலிட, படம் எடுத்துக் கணினியில் ஏற்ற ஆட்கள் தேவைப்படுகிறார்கள். மனு எழுதுவது, மொழிபெயர்ப்பது, செய்தி எழுதுவது, குரல் கொடுப்பது எல்லாம் மொழிப் பாடத்தின் பிள்ளைகள்தான்.

ஓவிய ஆசிரியருக்கோ இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, வீணை, நெட்டி வேலை, சுவாமிமலை வார்ப்புச் சிற்பம், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், திருபுவனம் பட்டு. இத்தனையும் புவிசார் குறியீடு பெற்றவை. சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுகிறார்கள். அதில் வேதியியல் உண்டு, வடிவியல் உண்டு. ஏற்றுமதி, அருங்காட்சியகப் பாதுகாப்பு, உலோகவியல் என்று அது எங்கெங்கோ போகிறது. இந்தக் கலைகள் சில தெருக்களுக்கு, சில குடும்பங்களுக்கு மட்டும் சொந்தம் என்ற எண்ணத்தைப் பள்ளிதான் மாற்ற முடியும். விருப்பமுள்ள எந்தப் பிள்ளையும் கற்கலாம் என்று காட்ட வேண்டும். அதேபோல ஸ்தபதி வீட்டுப் பிள்ளை மருத்துவராக வேண்டும் என்றால் அதற்கும் வழி காட்ட வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நடவும் களையெடுப்பும் பெண்கள் முதுகு வளைத்துச் செய்கிறார்கள். இயந்திரம் வந்ததும் ஓட்டுநர் இருக்கையில் ஆண்தான் உட்காருகிறார். கூலி குறைந்த வேலை பெண்ணுக்கு, இயந்திர வேலை ஆணுக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை. டிராக்டர் மெக்கானிக் ஐ.டி.ஐ. பிரிவில் பெண்களும் சேரலாம். வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனை ஓட்ட 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் பயின்று சான்றிதழ் பெறலாம். இயற்பியலில் விசையும் உந்தமும் நடத்தும்போது மாணவிகளைப் பார்த்தும் இதைச் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்பு என்ற மதகு

இவ்வளவும் எதற்கு? பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும் அந்த ஒரு வாரத்துக்காக. மதகில் எந்தப் பலகையை எடுக்கிறோமோ அந்த வாய்க்காலில்தான் தண்ணீர் ஓடும். சிநேகிதன் எடுத்தான், நானும் எடுத்தேன் என்று பிரிவு எடுக்கிற பிள்ளைகள் இன்னும் நிறைய. வேளாண் பட்டப் படிப்புக்கு அறிவியல் பிரிவோ தொழிற்கல்வியில் வேளாண் அறிவியலோ தேவை. வணிகவியல் எடுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து அக்ரி சேரணும் என்று வந்தால் யாராலும் உதவ முடியாது.

அதே சமயம், மூடிய கதவுக்குப் பக்கத்தில் ஏணியும் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடே வெல்டர், வயர்மேன் போன்ற ஐ.டி.ஐ. பிரிவுகள் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிட்டர், எலக்ட்ரீசியன். இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பட்டயம் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆகவே ஐ.டி.ஐ. என்றால் "படிப்பு வராத பிள்ளைக்கு" என்ற பேச்சை விட்டுவிடுவோம்.

பெற்றோர் கையில் இருக்க வேண்டியவை

மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். அரசு தரும் வசதி இருந்தும், தெரியாததால் இழந்த குடும்பங்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருபவர்களின் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நடுவில் ஒரு வருடம் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்தத் தகுதி போய்விடும். மாற்றும் முன் யோசியுங்கள்.

உயர்கல்வி சேரும் மாணவிகளுக்குப் 'புதுமைப் பெண்' (2022), மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' (2024) திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. கலைக் கல்லூரி மட்டுமில்லை, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் உண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இருக்கிறது.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று ஆகிய மூன்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். தேர்வு முடிவு வந்த பிறகு ஓடாதீர்கள், எல்லோரும் ஒரே வாரத்தில் வருவதால் கூட்டமும் தாமதமும் இருக்கும். பொங்கல் விடுமுறையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். ஆதாரில் இருக்கும் பெயரும் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா, பிள்ளையின் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் நேரில் போய்க் கேட்கலாம். அங்கே உள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சியும் நடக்கிறது.

"நேரம் எங்கே சார் இருக்கு?"

ஆசிரியர்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. பாடத்தை முடிக்க வேண்டும், பதிவேடு, எமிஸ், பயிற்சி, தேர்தல் வேலை. நியாயம்தான். அதனால் நான் புதிய பாடவேளை கேட்கவில்லை. ஒரு பாடத்துக்கு ஒரு கேள்வி கேட்கிறேன்: "இந்தப் பாடத்தைத் தினமும் பயன்படுத்திப் பிழைக்கிறவர் யார்?" பதிலைப் பிள்ளைகளே தேடி வரட்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். அந்த வேலைக்கு என்ன படிப்பு, எங்கே படிப்பது என்று மட்டும் நீங்கள் பக்கத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்து பாட ஆசிரியர்கள் மாதம் ஒரு கேள்வி கேட்டாலே, ஆறாம் வகுப்பில் தொடங்கிய பிள்ளை பத்தாம் வகுப்பு வருவதற்குள் அந்தக் கடைசிப் பக்கங்களில் நூற்றுக்கு மேல் தொழில்கள் சேர்ந்துவிடும். வருடத்துக்குப் பத்து மாதம், மாதத்துக்கு ஐந்து என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

மேலாண்மைக் குழு செய்யக்கூடியது இன்னும் இரண்டு. ஒன்று, பருவத்துக்கு ஒரு முறை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு வேலையிடத்துக்கு அழைத்துப் போவது. அரிசி ஆலை, ஆரம்ப சுகாதார நிலையம், கூட்டுறவுச் சங்கம், துணை மின் நிலையம் எதுவானாலும் சரி. வேடிக்கை பார்த்துத் திரும்பாமல், அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் ஒரு பிள்ளை "நீங்க என்ன படிச்சீங்க? எதுல கஷ்டப்பட்டீங்க?" என்று கேட்டு எழுதிவரட்டும். இரண்டு, குழுவிலுள்ள முன்னாள் மாணவர்களைப் பேச அழைப்பது. பெரிய பதவியில் இருப்பவர்தான் வர வேண்டும் என்றில்லை. நர்ஸ், லைன்மேன், அறுவடை இயந்திரம் ஓட்டுபவர், கப்பலில் வேலை பார்த்துத் திரும்பியவர் என்று யாராக இருந்தாலும், அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் வந்து சொல்வதைப் பிள்ளை நம்பும்.

பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தை மட்டும் தயவுசெய்து மே மாதத்துக்குத் தள்ளாதீர்கள். ஜனவரியில் நடத்துங்கள். கரும்பலகையில் எந்தப் பிரிவு எடுத்தால் எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்று எழுதிக் காட்டுங்கள். தேர்ச்சி பெறாத பிள்ளைக்குத் துணைத் தேர்வு உண்டு என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முடிவு வந்த அன்று வீட்டில் அழுகைக்கு நடுவில் யார் காதிலும் அது ஏறாது.

வரும் வாரத்தில் நீங்கள் நடத்தப்போகும் முதல் பாடம் எதுவாக இருந்தாலும் அதிலேயே அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் என்ன பதில் சொன்னார்கள் என்று அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் பேசுவோம்.